கொழுப்புக்குள் குடியிருக்கும் காசநோய்க் கிருமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்கு 61 வயதில் கழுத்தில் ஒரு நெறி கட்டியது. சாதாரண வீக்கம் என்று நினைத்து இரண்டு மாதம் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வீக்கம் வடியவில்லை. கடைசியில் ஊசி வைத்து உறிஞ்சிச் சோதித்தபோதுதான் டிபி என்று தெரிந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருடைய அப்பாவுக்குக் காசநோய் இருந்தது உண்மைதான், ஆனால் அது பெரியம்மா பள்ளிக்கூடம் போன காலம். "நுரையீரலில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அப்படியானால் இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்கப் போய்த்தான் கொழுப்புத் திசு பற்றிய ஆராய்ச்சிகள் என் கண்ணில் பட்டன. படித்ததைச் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் வேறு வேறு கேள்விகள் கேட்டார்கள். அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கொழுப்புத் திசு என்றால் தொப்பையைத்தான் சொல்கிறீர்களா?

தொப்பை மட்டுமில்லை. தோலுக்கு அடியிலும், இதயத்தைச் சுற்றியும், நிணநீர் முடிச்சுகளைச் சுற்றியும், எலும்பு மஜ்ஜைக்குள்ளும் கொழுப்பு இருக்கிறது. குடலின் மேல் திரைச்சீலை போல ஒரு கொழுப்பு மடிப்பு தொங்குகிறது. கறிக்கடையில் ஆட்டின் சிறுநீரகம் வாங்கியவர்களுக்குத் தெரியும், அது வெள்ளைக் கொழுப்புக்குள் பொதிந்துதான் இருக்கும். மனிதனுக்கும் அப்படித்தான். எலும்பும் தோலுமாக இருப்பவர் உடம்பிலும் இந்த இடங்களில் கொஞ்சமாவது கொழுப்பு உண்டு.

ஒரு கொழுப்பு செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளிதான் தெரியும். மற்றதெல்லாம் விளிம்பில் மெல்லிய வளையமாக ஒதுங்கிக் கிடக்கும். செல்லின் கருவும் ஓரமாகத் தள்ளப்பட்டு மோதிரக் கல் போல ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கொழுப்பு செல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்களவு வரை இருக்கும். காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரான்தான். பத்தடி அறையில் ஒரு வண்டிச் சாவி கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அறை முழுக்க எண்ணெய்!

மூச்சு வழியாக வரும் கிருமி கொழுப்புக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

இருமும்போது காற்றில் பறக்கும் நுண்துளி வழியாகக் கிருமி நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்குகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு அதை விழுங்குகிறது. மற்றக் கிருமிகள் என்றால் அதோடு கதை முடிந்திருக்கும். இந்தக் கிருமி விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிரோடு இருந்து பெருகக் கற்றுக்கொண்டது. உடம்பின் முழு எதிர்ப்புச் சக்தி அதற்கு எதிராகத் திரள்வதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கிருமி நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிவிடுகிறது. எலும்பு டிபி, மூளை டிபி, சிறுநீரக டிபி எல்லாவற்றுக்கும் விதை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் விழுகிறது. கொழுப்புக்கும் இதே பாதைதான்.

கொழுப்பு செல்லின் மேற்பரப்பில் 'ஸ்கேவெஞ்சர்' ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. கொழுப்புச் சார்ந்த பொருட்களைப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியின் உறையோ நீளமான மைக்கோலிக் அமிலங்களால் ஆன மெழுகுச் சட்டை. ஆய்வகத்தில் பார்த்தபோது கிருமி இந்த ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு கொழுப்பு செல்லுக்குள் நுழைந்தது.

இதை முதலில் காட்டியது யார்?

2006-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒலிவியே நேரோல் மற்றும் அவருடன் பணிபுரிந்தவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மெக்சிகோவில் 19 பேர், பிரான்ஸில் 20 பேர், எல்லோரும் காசநோய் அல்லாத வேறு காரணங்களால் இறந்தவர்கள். அவர்கள் உடலின் பல இடங்களிலிருந்து கொழுப்பை எடுத்து, காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆர் முறையில் தேடினார்கள். மெக்சிகோவில் 6 பேரிடமும் பிரான்ஸில் 6 பேரிடமும் கிடைத்தது. சிறுநீரகம், இரைப்பை, நிணநீர் முடிச்சு, இதயம் ஆகியவற்றைச் சுற்றிய கொழுப்பிலும் தோலடிக் கொழுப்பிலும் இருந்தது.

காசநோய் அதிகமுள்ள மெக்சிகோவில் கிடைத்ததைவிட, காசநோய் எப்போதோ குறைந்துபோன பிரான்ஸிலும் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த டிஎன்ஏ பழைய தொற்றின் சுவடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்கும் முன்னால், 2000-ல், மெக்சிகோவின் ரொகேலியோ எர்னாண்டஸ்-பாண்டோ குழு, பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத நுரையீரல் திசுவில்கூடக் கிருமியின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டியிருந்தது. அதுவரை, பழைய தொற்று என்றால் நுரையீரலில் சுண்ணாம்பு படிந்த பழைய வடுவுக்குள்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதே எர்னாண்டஸ்-பாண்டோ 2006 ஆய்விலும் பங்கேற்றார். 2012-ல் மெக்சிகோவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு 49 பேரின் உடல்களைப் பார்த்தது. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகத்திலும் டிஎன்ஏ கிடைத்தது. ஆக, கிருமி ஒரே வீட்டில் மட்டும் குடியிருக்கவில்லை.

டிஎன்ஏ கிடைத்தால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. செத்த கிருமியின் டிஎன்ஏவும் பிசிஆரில் தெரியும். காலி வீட்டில் கிடைத்த செருப்பை வைத்து ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த 2006 குழு இறந்தவர்களின் திசுவோடு நிற்காமல், ஆய்வகத்தில் வளர்த்த எலிக் கொழுப்பு செல்களிலும் மனிதக் கொழுப்பு செல்களிலும் உயிருள்ள கிருமியை விட்டுப் பார்த்தது. கிருமி உள்ளே போனது, சாகவில்லை, பெருகவும் இல்லை. அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் விலங்கு ஆய்வுகள் வந்தன. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 2014-ல் சுண்டெலிகளின் பல கொழுப்புச் சேமிப்புகளில் கிருமி தங்கியிருப்பதைப் பற்றி எழுதியது. பெர்லினைச் சேர்ந்த குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில் எலியின் வயிற்றுக் கொழுப்பில் கிருமி இருந்தது, அதைத் தேடிக்கொண்டு எதிர்ப்பு அணுக்களும் அந்தக் கொழுப்புக்குள் வந்திருந்தன. உடம்பு அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறது!

என் மதிப்பீடு இது. ஆய்வகத்திலும் எலியிலும் கொழுப்பு செல் கிருமிக்கு மறைவிடமாக இருப்பது நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. மனிதரிடம் டிஎன்ஏ சாட்சியம் உண்டு. ஆனால் ஒருவருக்குத் திரும்பி வந்த காசநோய் அவருடைய கொழுப்பிலிருந்துதான் கிளம்பியது என்று விரல் நீட்டிச் சொல்லும் சாட்சியம் இல்லை. பெரியம்மா விஷயத்திலும் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

உண்மையிலேயே முப்பது நாற்பது வருஷம் கிருமி காத்திருக்குமா?

இருக்கும். டென்மார்க்கில் இதற்கு அழகான சான்று உண்டு. 1961-ல் ஒருவருக்குக் காசநோய் வந்தது. அவரிடமிருந்து எடுத்த கிருமியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1994-ல் அவருடைய மகனுக்குக் காசநோய் வந்தது. இரண்டு கிருமிகளின் மரபணு ரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றாக இருந்தன. அப்பாவிடமிருந்து வந்த கிருமி மகனுக்குள் 33 வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. இதை 2002-ல் வெளியிட்டார்கள். என் பெரியம்மாவின் கதையை அப்படியே வேறு நாட்டில் படித்தது போல இருந்தது எனக்கு.

கொழுப்புக்குள் உட்கார்ந்து அது என்னதான் செய்கிறது?

இந்தக் கிருமி கொழுப்பு தின்னும் கிருமி. 1956-லேயே ஹூபர்ட் பிளாக்கும் வில்லியம் சீகலும், எலியின் நுரையீரலிலிருந்து நேரடியாக எடுத்த கிருமிகள் சர்க்கரையைச் சீண்டாமல் கொழுப்பு அமிலத்தைத்தான் விரும்பி எரிக்கின்றன என்று கண்டார்கள். கண்ணாடிக் குடுவையில் வளர்த்த அதே கிருமி அப்படி நடந்துகொள்ளவில்லை. உடம்புக்குள் வந்தபின் சாப்பாட்டையே மாற்றிக்கொள்கிறது. 1998-ல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது காரணம் புரிந்தது. சுமார் 4,000 மரபணுக்களில் ஏறத்தாழ 250, கொழுப்பு சம்பந்தப்பட்ட நொதிகளுக்கானவை. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அப்படிப்பட்ட நொதிகள் 50 போலத்தான்.

கொழுப்பு அமிலத்தை உடைத்தால் இரண்டு கார்பன் கொண்ட துண்டுகள் கிடைக்கும். அவற்றை வழக்கமான சுழற்சியில் எரித்தால் இரண்டு கார்பனும் கரியமில வாயுவாகப் போய்விடும். ஆற்றல் கிடைக்கும், ஆனால் உடம்பு கட்டப் பொருள் மிஞ்சாது. கிருமி அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதியின் உதவியால் கார்பன் வீணாகும் இரண்டு படிகளையும் தாண்டிப் போய்விடுகிறது. 2000-ல் ஜான் மெக்கின்னி குழு இந்த நொதியை நீக்கிய கிருமியை எலிக்குக் கொடுத்துப் பார்த்தது. ஆரம்பத்தில் அது நன்றாகவே வளர்ந்தது, ஆனால் நீண்ட நாள் தங்கும் கட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மனித செல்களில் இந்தக் குறுக்கு வழி கிடையாது. மருந்து தேடுகிறவர்கள் இதன்மேல் கண் வைத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்று, சேமிப்பு. நம் கொழுப்பை உடைத்து எடுத்துக்கொண்டு, கிருமி தனக்குள்ளேயே குட்டிக் கொழுப்புத் துளிகளாக மறுபடி கட்டி வைத்துக்கொள்கிறது. கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பச்சன் கொலட்டுகுடியின் ஆய்வகம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. டிஜிஎஸ்1 என்ற மரபணு இந்தச் சேமிப்பில் முக்கியமானது என்று காட்டியவர்கள் அவர்கள். ஆக்சிஜன் குறைந்து, சாப்பாடும் குறையும்போது கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டுத் துளிகளை நிரப்பிக்கொண்டு உறங்குநிலைக்குப் போகிறது. மழைக்காலத்துக்கு முன் குதிரில் நெல் கொட்டி வைப்பதைப் போல.

அந்த நிலையில் அது சாயம் ஏற்கும் விதம்கூட மாறிவிடுகிறது. சளிப் பரிசோதனையில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரிவதுதான் டிபி கிருமியின் அடையாளம். கொழுப்பு நிரம்பி உறங்கும் கிருமி அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையை இழந்துவிடலாம். அப்போது கொழுப்பைக் காட்டும் வேறு சாயம் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கொழுப்புத் திசுவில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. நுரையீரலின் காசநோய்க் கட்டிக்குள் கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ்களே கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரை போலப் பொங்கிக் கிடக்கும். 'நுரை செல்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். 2008-ல் பிரான்ஸின் துலூஸ் நகரக் குழு, இந்த நுரை செல்களுக்குள் கிருமி கொழுப்புத் துளியை ஒட்டியே போய் உட்கார்ந்து, தன் உடலிலும் துளிகளைச் சேர்த்துக்கொள்வதைப் படம்பிடித்தது. அதாவது, கொழுப்பு இல்லாத இடத்தில்கூட உடம்பைத் தூண்டிக் கொழுப்பை வரவழைத்துக்கொள்கிறது.

எலும்பு மஜ்ஜையும் ஒரு மறைவிடம். 2013-ல் பிகுல் தாஸ் குழு, அருணாசலப் பிரதேசத்தில் காசநோய் சிகிச்சை முடித்தவர்களின் மஜ்ஜையில் இருக்கும் ஒருவகை மூல செல்களுக்குள் கிருமியைக் கண்டது. கொழுப்பு செல் உருவாவதும் இந்த வகை மூல செல்களிலிருந்துதான்.

மாத்திரை போட்டால் கொழுப்புக்குள் இருப்பது சாகாதா?

ஐசோநயாசிட் என்ற மாத்திரை கிருமியின் மெழுகுச் சட்டை தைக்கப்படுவதைத் தடுக்கிறது. கிருமி பெருகும்போது புதுச் சட்டை தைத்தாக வேண்டும், அப்போது மாட்டிக்கொள்ளும். தூங்கும் கிருமி எதையும் தைப்பதில்லை. 2006 ஆய்வில் கொழுப்பு செல்லுக்குள் இருந்த கிருமியை ஐசோநயாசிட் தொடவில்லை என்பது இதனால்தான்.

ஆனால் டிபிக்கு ஒரே மாத்திரை கொடுப்பதில்லையே. ரிஃபாம்பிசின் மெதுவாக இயங்கும் கிருமிகளையும் அவ்வப்போது விழித்துப் பார்ப்பவற்றையும் பிடிக்கிறது. பைராசினமைடு அமிலத்தன்மையுள்ள இடங்களில் சோம்பிக் கிடப்பவற்றை அடிக்கிறது. சளியில் கிருமி இல்லை என்று இரண்டு மாதத்தில் வந்த பிறகும் இன்னும் நான்கு மாதம் மாத்திரை போடச் சொல்வது, இந்த எஞ்சிய சோம்பேறிகளுக்காகத்தான். "இருமல் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை, எதற்கு இன்னும் மாத்திரை?" என்று நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

கொழுப்பு எப்போதும் கிருமியின் பக்கமே நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் கொடுக்கும் பெடாகுவிலின் கொழுப்பில் கரையும் மருந்து. 2019-ல் லண்டன் கிரிக் நிறுவனத்தின் ஆய்வு, அந்த மருந்து மேக்ரோபேஜின் கொழுப்புத் துளிகளில் போய்ச் சேர்ந்துகொள்வதையும், கிருமி அந்தக் கொழுப்பைத் தின்ன வரும்போது மருந்தும் சேர்ந்தே கிருமிக்குள் போவதையும் காட்டியது. பதுக்கிய இடமே பொறியாகிறது! படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் குண்டாக இருப்பவர்களுக்குத்தான் டிபி அதிகம் வருமா?

நேர்மாறு. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) ஒரு அலகு கூடக் கூடக் காசநோய் வரும் விகிதம் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைந்துகொண்டே போனது. ஒல்லியாக, சத்துக் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. காரணங்களில் ஒன்று, கொழுப்பு செல் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். எதிர்ப்பு அணுக்களுக்கு அது ஊக்கம் தருகிறது. உடம்பில் கொழுப்பு வற்றினால் லெப்டினும் வற்றும்.

இதில் ஒரு விதிவிலக்கு சர்க்கரை நோய். அது இருந்தால் காசநோய் அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. தமிழ்நாட்டில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டிபி என்று தெரிந்த எல்லோரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டினி கிடந்து கொழுப்பைக் கரைத்தால் கிருமி வெளியே வந்துவிடுமா? எண்ணெய், நெய்யை நிறுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். "கொழுப்பில் கிருமி இருக்கிறதாம்" என்ற பாதிச் செய்தியைக் கேட்டுவிட்டு, டிபிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எண்ணெயையும் முட்டையையும் நிறுத்தியதை நானே பார்த்தேன். ஏற்கனவே சட்டை தோளில் நிற்காத உடம்பு.

நம் முன்னோர் இந்த நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தார்கள். உடம்பை அரித்து உருக்குவதுதான் நோயின் வேலை. அழற்சிப் பொருட்கள் பசியைக் கெடுக்கின்றன, காய்ச்சல் ஆற்றலை எரிக்கிறது, கொழுப்பும் தசையும் கரைகின்றன. அப்படிக் கரைவதால் கிருமி ஒழிவதில்லை. நோயாளிதான் ஓய்ந்துபோகிறார்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய 10 கிலோ பை கொடுத்தார்கள். ஆமாம், எண்ணெயும் சேர்த்துத்தான். முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளியின் குடும்பத்தினர் 10,345 பேரில் கூடுதல் உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. வெறும் சாப்பாட்டால்!

சாப்பாடு மாத்திரைக்குப் பதில் ஆகாது என்பதையும் சென்னைதான் உலகத்துக்குக் காட்டியது. 1959-ல் வெளியான மதராஸ் ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மாத்திரை போட்டவர்களும், நெருக்கடியான வீடுகளில் இருந்துகொண்டே அதே மாத்திரையைப் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். கிருமியைக் கொல்வது மருந்து. மருந்து வேலை செய்யும் வரை ஆளைத் தாங்குவது சாப்பாடு. இரண்டும் வேண்டும். மத்திய அரசின் நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது (2024 நவம்பர் வரை 500 ஆக இருந்தது). அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த அன்றே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மிக மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை உதவுமா?

உதவாது. கிருமி மறையும் இடங்கள் பல. சிறுநீரகத்தையும் இதயத்தையும் சுற்றிய கொழுப்பை யாரும் உறிஞ்ச முடியாது.

ஆட்டுக் கொழுப்பு, வெண்ணெய் சாப்பிட்டால் டிபி ஒட்டுமா?

நன்றாகச் சமைத்த உணவால் ஒட்டாது. மாட்டு டிபி என்று ஒன்று உண்டு, அது காய்ச்சாத பால் வழியாக வரலாம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.

தோலடிக் கொழுப்பில் டிபி வெளியே தெரியுமா?

அபூர்வமாகத் தெரியும். கெண்டைக்கால் பின்பக்கம், பெரும்பாலும் பெண்களுக்கு, வலியுள்ள சிவந்த கட்டிகள் வந்து சில சமயம் புண்ணாகும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பசேன் விவரித்த நோய் இது. தோலடிக் கொழுப்பில் ஏற்படும் அழற்சி. சிலரது கட்டியில் கிருமியின் டிஎன்ஏ கிடைக்கும், ஆனால் உயிருள்ள கிருமியைப் பெரும்பாலும் வளர்த்தெடுக்க முடியாது. உடலில் எங்கோ இருக்கும் கிருமிக்கு எதிரான எதிர்வினையாகவே இதைப் பார்க்கிறார்கள். டிபி மருந்து கொடுத்தால் பலருக்குக் கட்டி ஆறிவிடும். கெண்டைக்காலில் கட்டி வந்து வந்து போனால் நரம்புச் சுருட்டு என்று தள்ளிவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேறு கிருமிகளும் இப்படிக் கொழுப்பில் ஒளியுமா?

ஒளியும். பேன் மூலம் பரவும் டைஃபஸ் காய்ச்சல் குணமாகிப் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வருவது உண்டு. அதன் கிருமி எலியின் கொழுப்பில் தங்கியிருப்பதை 2010-ல் கண்டார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய், தென் அமெரிக்காவின் சாகாஸ் நோய் ஆகியவற்றின் ஒட்டுண்ணிகளும் கொழுப்பில் குடியிருக்கின்றன. எச்ஐவியும் கொழுப்புத் திசுவில் இருக்கும் எதிர்ப்பு அணுக்களுக்குள் மறைகிறது. சாப்பாடும் உண்டு, தொந்தரவும் குறைவு என்றால் யார்தான் வரமாட்டார்கள்?

என் உடம்பில் கிருமி உறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உலக மக்களில் நான்கில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே பயந்து ஓட வேண்டாம்.

கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பைப் பார்க்கும் மாண்டூ சோதனை, ரத்தத்தில் செய்யும் இக்ரா, புதிதாக வந்த சைடிபி தோல் சோதனை எல்லாமே உடம்பு இந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்ததா என்றுதான் சொல்லும். இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா, எந்த உறுப்பில் என்று சொல்லாது. கொழுப்பை எடுத்துச் சோதிக்கும் முறை எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டிபி என்றால் மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. தினம் ஒன்றாக ஆறு மாதம் ஐசோநயாசிட், அல்லது வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரம் ஐசோநயாசிட்டும் ரிஃபாபெண்டினும். அரசு மையங்களில் இலவசம். எதற்கும் முன்னால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உறங்கும் கிருமி இருப்பவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுமா?

பரவாது. நுரையீரலிலோ குரல்வளையிலோ நோயாகி, இருமல் வழியாகக் கிருமி வெளியே வந்தால்தான் பரவும். கழுத்து நெறியில் மட்டும் டிபி உள்ளவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அவர் மனத்தை நோகடிப்பது தவிர வேறெதற்கும் உதவாது.

பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஆறு மாதம் மாத்திரை முடித்துவிட்டார். ஆரம்பத்தில் 41 கிலோ, முடிக்கும்போது 47. கழுத்தில் பட்டாணி அளவு ஒரு முடிச்சு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. குணமான பிறகும் சிலருக்கு அப்படி மிஞ்சும், அது பெரிதானாலோ காய்ச்சல் வந்தாலோ எடை இறங்கினாலோ மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டார். நிச்சயமாகச் சொல்லும் சோதனை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். இப்போது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி தெருமுனை மருந்துக் கடைக்குப் போய் எடை பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அரிசி டின்னுக்குள் போட்டு வைக்கிறார். போன மாதம் 48.